ஓமம் மணக்கும் மடாலயத் தோட்டம்

நியூயார்க்கில் ஏ ரயிலைப் பிடித்து மன்ஹாட்டனின் வடகோடிக்குப் போய், 190ஆம் தெரு நிலையத்தில் இறங்கி லிஃப்டில் மேலே வந்தால் ஃபோர்ட் ட்ரையன் பூங்கா. அதன் மரநிழலில் கொஞ்ச தூரம் நடந்தால் குன்றின் மேல் ஒரு கல் கட்டடம், கீழே ஹட்சன் ஆறு. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் இடைக்கால ஐரோப்பியக் கலைப் பொருட்களை வைத்திருக்கும் க்ளாய்ஸ்டர்ஸ் இதுதான். பிரான்ஸில் கைவிடப்பட்ட மடாலயங்களின் தூண்களும் வளைவுகளும் கடல் தாண்டி வந்து இங்கே ஒரே கட்டடமாகச் சேர்ந்தன. 1938இல் திறந்தார்கள். பெரும்பாலோர் கலைப் பொருட்களைப் பார்க்க வருகிறார்கள். நான் போனது மூலிகைத் தோட்டத்துக்காக.

போன்ஃபோன் முற்றத்தில் இருக்கிறது அது. நடுவில் பழைய கல் கிணற்று வாய், அதைச் சுற்றி நான்கு சீமைமாதுளை மரங்கள். நம் ஊரில் ஆட்டுப்பட்டிக்குப் படல் கட்டுவதுபோல் குச்சிகளை வளைத்துப் பின்னிய வேலிக்குள் பாத்திகள். சமையலுக்கு ஒரு பாத்தி, மருந்துக்கு ஒன்று, சாயத்துக்கு ஒன்று, மந்திர தந்திரத்துக்கு என்று நம்பியவற்றுக்கு ஒன்று. செடியை எதற்குப் பயன்படுத்தினார்களோ அதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள்.

எந்த ஒரு மடாலயத்தின் தோட்டத்தையும் அப்படியே நகலெடுத்தது அல்ல இது. இடைக்கால ஏடுகள், ஓவியங்கள், செடிப் பட்டியல்களைப் படித்து உருவாக்கியது. அப்படிப்பட்ட ஆவணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, சுமார் 820களில் விலங்குத் தோலில் வரைந்த செயின்ட் கால் மடாலய வரைபடம். சுவிட்சர்லாந்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. அதில் வைத்தியர் வீட்டுக்குப் பக்கத்திலேயே 16 பாத்திகள் கொண்ட ஒரு மருந்துத் தோட்டம். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் செடியின் பெயர் லத்தீனில் எழுதியிருக்கிறது. அந்தப் பெயர்களை வாசித்தால் நம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும்: வெந்தயம், சீரகம், பெருஞ்சீரகம், புதினா. அப்புறம் ரோஜா, லில்லி, சேஜ், ரோஸ்மேரி, அருவதா.

சரி, இந்தச் செடிகள் உண்மையில் வேலை செய்தனவா? சில செய்தன, சில செய்யவில்லை. ஏன் என்பதை மூக்கிலிருந்தே தொடங்கலாம்.

தைம் செடியின் இலையை லேசாகத் தடவிவிட்டு விரலை முகர்ந்தேன். ஓமத்திரவம்! ஐரோப்பியத் துறவி வளர்த்த செடியில் என் பாட்டியின் கைமருந்து மணந்தது. இரண்டிலும் இருப்பது தைமால் என்ற ஒரே வேதிப்பொருள்தான். தைம் துளசிக் குடும்பம், ஓமம் கொத்தமல்லிக் குடும்பம். சொந்தமே இல்லாத இரண்டு செடிகள் ஒரே ஆயுதத்தைத் தனித்தனியாகச் செய்து வைத்திருக்கின்றன.

ஆயுதம் என்பது சரியான சொல்தான். தைம், சேஜ், புதினா இலைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேல்தோலில் பொடிப்பொடிக் குமிழ்கள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். செடிக்கே கேடு செய்யக்கூடிய எண்ணெய் என்பதால், செல்களுக்கு வெளியே, மெல்லிய உறைக்கு அடியில் அதைத் தேக்கி வைக்கிறது. பூச்சி கடித்தாலோ நம் விரல் பட்டாலோ உறை கிழிந்து எண்ணெய் ஆவியாகிறது. கொழுப்பில் எளிதாகக் கரையும் தைமால், பாக்டீரியாவின் செல்சவ்வுக்குள் புகுந்து அதை ஓட்டையாக்குகிறது. உள்ளே இருப்பது கசிந்து கிருமி சாகிறது. இன்றும் சில வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் தைமால் உண்டு.

பெப்பர்மின்ட்டின் குளிர்ச்சி வேறு கதை. அதிலுள்ள மென்தால் எதையும் குளிர வைப்பதில்லை. நாக்கிலும் தோலிலும் உள்ள நரம்பு நுனிகளில் குளிரை உணரும் ஒரு புரத வாயில் இருக்கிறது. மென்தால் அதில் ஒட்டிக்கொண்டு திறந்துவிட, மூளைக்குக் குளிர் என்ற செய்தி போகிறது. அந்த வாயிலைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் பயன்படுத்திய சாவியே மென்தால்தான். வெப்பத்தையும் தொடுகையையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆய்வுக்காக 2021இல் நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருமே இதைத் தனித்தனியாகச் செய்தவர்கள்.

பாத்திகளை மேடாக்கியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ரைஹெனாவ் மடாலயத்தின் தலைவராக இருந்த வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோ, தன் தோட்டத்தைப் பற்றி எழுதிய கவிதையில், மண் கரைந்து போகாதபடி பலகை அடித்து உயர்த்தியதைச் சொல்கிறார். சேஜ், ரோஸ்மேரி எல்லாம் மத்தியதரைக் கடலோரத்து வறண்ட சரிவுகளின் செடிகள். வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். மேட்டுப் பாத்தியில் தண்ணீர் வடியும். பனி விலகியதும் மண்ணும் சீக்கிரம் சூடேறும். நியூயார்க் குளிரைத் தாங்காத செடிகளைத் தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் உள்ளே கொண்டுபோய்விடுகிறார்கள்.

அருவதாவை மட்டும் யாரும் தடவிப் பார்க்க வேண்டாம். சதாப்பு இலை என்று நம் வைத்தியத்திலும் பெயர் பெற்ற அதே செடி. அதன் சாற்றில் சோராலென் வகைப் பொருட்கள் இருக்கின்றன. அவை தோல் செல்லுக்குள் போய் டிஎன்ஏ இழைகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டதும் இரண்டு இழைகளையும் பிணைத்துவிடும். ஓரிரு நாளில் தீக்காயம்போல் கொப்புளம். இதே வினையைத்தான், அளவை எண்ணி, சோரியாசிஸ் நோய்க்குத் தோல் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

பெல்லடோனாவும் அப்படியே. அதன் பழத்தைத் தின்றால் சாவு வரலாம். அதிலுள்ள அட்ரோபின், நரம்பு தசைக்குச் சொல்லும் சேதியைத் தடுக்கிறது. கண்பாவையைச் சுருக்கும் தசை செயலற்றுப் போக, பாவை விரிகிறது. கண் மருத்துவத்தில் அட்ரோபின் சொட்டு இன்றும் இருக்கிறது. நம் ஊமத்தையிலும் இதே குடும்பத்து நஞ்சுதான்.

தவறிப்போனவையும் உண்டு. லங்வொர்ட் இலையில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். நோயுற்ற நுரையீரல்போல் தெரிகிறது என்பதற்காகவே இருமலுக்குக் கொடுத்தார்கள். உருவம் பார்த்து மருந்து தேடிய நம்பிக்கை அது.

நான் அதிக நேரம் நின்றது சாயப் பாத்தியில். மூன்று செடிகள்: மஞ்சளுக்கு வெல்ட், சிவப்புக்கு நம் மஞ்சிட்டியின் உறவான மேடர், நீலத்துக்கு வோட். வோட் இலை பச்சையாகத்தான் இருக்கும், நீலத்தின் சுவடே தெரியாது. நீலம் அதில் சர்க்கரையோடு பிணைந்து, நிறமற்ற வடிவில் ஒளிந்திருக்கிறது. இலையை நசுக்கியதும் சர்க்கரை பிரிகிறது. மிச்சமாகும் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இரண்டிரண்டாக இணைந்தால் இண்டிகோ. நம் அவுரியிலிருந்து வரும் நீலமும் அணு பிசகாமல் இதே மூலக்கூறுதான். அவுரியில் சாயச் சத்து அதிகம் என்பதால்தான் இந்திய நீலம் கப்பலேறிப் போனபோது ஐரோப்பாவின் வோட் விவசாயிகள் நிலைகுலைந்தார்கள்.

ஆனால் இண்டிகோ தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் எப்படிப் போகும்? தவிடும் சாம்பல்காரமும் சேர்த்துச் சூடான தொட்டியில் புளிக்க விட்டார்கள். தொட்டியில் பெருகும் பாக்டீரியா இண்டிகோவின் வேதி அமைப்பை மாற்ற, அது காரநீரில் கரையும் மஞ்சள் நிறப் பொருளாகிறது. நூலை முக்கி எடுத்தால் முதலில் மஞ்சள்பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகிவிடும். சாயம் மறுபடி கரையாததாகி இழைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பாக்டீரியா என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், வாசனையையும் நுரையையும் பார்த்தே தொட்டியைப் பக்குவப்படுத்தியிருக்கிறார்கள். அந்தச் சாயக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

தோட்டத்திலிருந்து அதே கட்டடத்துக்குள் நடந்தால் ஒற்றைக்கொம்புக் குதிரை வேட்டையைச் சொல்லும் ஏழு திரைச்சீலைகள் தொங்குகின்றன. 1500ஐ ஒட்டி நெய்தவை. அவற்றின் வண்ணங்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த மூன்று செடிகளிலிருந்து வந்தவைதான். பச்சைக்குத் தனிச் செடி கிடையாது; வெல்ட்டின் மஞ்சளையும் வோட்டின் நீலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். வெளிச்சம் பட்டால் முதலில் வெளுப்பது மஞ்சள். பழைய திரைச்சீலைகளில் புல்லும் இலையும் நீலம் பாரித்துத் தெரிவது அதனால்தான்.