நிறுவனக் கணினிகளின் நேரம் ஒன்றாக இருக்கிறதா?

கங்கைகொண்டான் பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் சரக்கு குறைந்தபோது, கேமராப் பதிவையும் கைரேகைக் கருவியின் வருகைப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். சரக்கு வெளியேறிய நேரத்தில் உள்ளே இருந்ததாகத் தோன்றிய ஓர் ஊழியர்மீது அதற்குள் சந்தேகம் விழுந்திருந்தது. கேமராவின் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டியான டிவிஆரின் கடிகாரம் 17 நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது என்பதையும், சரக்கு போன வேளையில் அவர் வேலைக்கே வந்திருக்கவில்லை என்பதையும் நிறுவ எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவர் தலைகுனிந்து நின்றதை நான் மறக்கவில்லை.

கணினியின் கடிகாரம் ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை நம்பி ஓடுவது. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை இருந்தாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி விலகும். வெப்பம் மாறினால் அந்த விலகலும் மாறும். மதர்போர்டிலுள்ள சிறிய பேட்டரி தீர்ந்திருந்தால், மின்தடைக்குப் பின் தேதியே பழைய ஆண்டுக்குப் போய்விடும். 2023 டிசம்பர் 17, 18 பெருமழைக்குப் பிறகு மின்சாரம் திரும்பியபோது இப்படிப்பட்ட கணினிகள் பலவற்றைப் பார்த்தேன். தேதி தவறானதால் பாதுகாப்பான இணையதளங்கள் எதுவும் அவற்றில் திறக்கவில்லை.

கணினிகள் வலைப்பின்னல் வழியாகச் சரியான நேரத்தைக் கேட்டுப் பெற்று இதைச் சரிசெய்ய உதவும் என்.டி.பி. நெறிமுறை 1985 முதல் இருக்கிறது. அதன் அமைப்பு நம் தாமிரபரணிப் பாசனத்தைப் போன்றது: அணைக்கட்டிலிருந்து கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து குளத்துக்கும், மடை வழியாக வயலுக்கும் தண்ணீர் இறங்குவதுபோல, அணுக்கடிகாரத்திலிருந்து நேரம் அடுக்கடுக்காக இறங்கி வருகிறது. ஆகவே ஒவ்வொரு கணினியையும் தனித்தனியே இணையத்துக்கு அனுப்பாமல், நிறுவனத்துக்குள் இரண்டு சர்வர்களை நேரத்துக்கென ஒதுக்கி, மற்ற யாவும் அவற்றிடமே கேட்கும்படி அமைக்க வேண்டும். வலைப்பின்னலின் காவல் அரணான ஃபயர்வாலில், என்.டி.பி. பயன்படுத்தும் யுடிபி 123 என்ற வாயில் வழியாக வெளியே செல்லும் அனுமதி அந்த இரண்டுக்கு மட்டும் போதும். அவை வெளியே குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு மூலங்களைப் பார்க்க வேண்டும்; இரண்டே இருந்து அவை முரண்பட்டால் எது சரியென்று அறிய வழியில்லை. என்.ஐ.சி. எனும் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு இணைய வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு சிறு நிறுவனங்கள் பலவற்றுக்கு இன்னும் தெரியவில்லை.

நிறுவனக் கணினிகளை ஒரே நிர்வாகத்தில் சேர்க்கும் விண்டோஸ் டொமைனில், உறுப்புக் கணினிகள் தாமாகவே அதை நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரைப் பின்பற்றும். கன்ட்ரோலர்களில், மற்றவற்றுக்கு நேரம் தரும் பிடிசி எமுலேட்டர் பொறுப்பிலுள்ள ஒன்றை மட்டும் வெளி மூலத்தோடு இணைத்தால் போதும். நான் அடிக்கடி காணும் பிழை இங்கேதான் நிகழ்கிறது. அந்த கன்ட்ரோலர் மெய்நிகர் இயந்திரமாக, அதாவது வேறொரு கணினிக்குள் மென்பொருள் வடிவில், ஓடும்போது அது தன்னைத் தாங்கும் ஹோஸ்டிடம் நேரம் கேட்கிறது. ஹோஸ்டோ டொமைனில் சேர்ந்திருப்பதால் அதனிடமே திரும்பக் கேட்கிறது. இருவரும் ஒருவரையொருவர் நம்பியபடி உண்மை நேரத்திலிருந்து சேர்ந்தே விலகுகிறார்கள். உள்ளே எல்லாம் ஒத்திருப்பதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. அந்த மெய்நிகர் இயந்திரத்துக்கு ஹோஸ்ட் தரும் நேர ஒத்திசைவை நிறுத்திவிடுங்கள். கணினிக்கும் கன்ட்ரோலருக்கும் வேறுபாடு 5 நிமிடத்தைத் தாண்டினால் இயல்பு அமைப்பில், டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் நெறிமுறை உள்நுழைவையே மறுத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு சர்வரின் நேரத்தை ஒரேயடியாகப் பின்னுக்குத் தள்ளாதீர்கள். பின்னால் போட்ட பில் முன்னால் போட்டதாகப் பதிவாகிவிடும். குரோனி போன்ற நேர ஒத்திசைவு மென்பொருள் கடிகாரத்தைச் சற்றே மெதுவாக ஓடவிட்டுப் பிழையைக் கரைத்துவிடும்.

கேமரா, கைரேகைக் கருவி, கணினிகளை இணைக்கும் வலைப்பின்னல் சுவிட்ச் ஆகியவற்றில் முதலில் நேர மண்டலத்தைப் பாருங்கள். மண்டலத்தைக் கிரீன்விச்சிலேயே விட்டுவிட்டு முள்ளை மட்டும் கையால் ஐந்தரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள்; என்.டி.பி.யை இயக்கியதும் அந்த ஐந்தரை மணி நேரமும் பின்னோக்கிப் போய்விடும்.

அந்தக் கிடங்கின் டிவிஆரில் நேர சர்வரின் முகவரியைப் பதியும் வசதியே இல்லை. புதியது வாங்கும் வரை, திங்கட்கிழமைதோறும் மேற்பார்வையாளர் அதன் நேரத்தைச் சர்வரோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை விநாடிக் கணக்கில் ஒரு நோட்டில் எழுதிக் கையொப்பமிட்டு வருகிறார்.