டிக்ஷனரி – அகராதி

லத்தீனில் டிக்டியோ என்றால் சொல்வது, சொல். சொற்களைத் திரட்டிய நூல் டிக்ஷனேரியம். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பெயரை நிரலாளர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஸ்மால்டாக், பைத்தான், சி ஷார்ப் என்ற நிரல்மொழிகள் எல்லாவற்றிலும் டிக்ஷனரிதான். ஜாவாவில் மேப், ரூபியில் ஹேஷ். ஒரு கீயை, அதாவது தேடுவதற்கான சொல்லையோ எண்ணையோ, கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் தொகுப்பு இது.

தமிழில் அகராதி என்கிறோம். அகரம் + ஆதி: அகரத்தை முதலாக வைத்து அடுக்கியது. அதற்கு முந்தைய திவாகரம் போன்ற நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர் என்று பொருள்வாரியாகத் தொகுக்கப்பட்டவை. 1594-இல் வந்த அகராதி நிகண்டு சொற்களை எழுத்து வரிசைக்குக் கொண்டுவந்தது.

தண்டையார்பேட்டையில் பைத்தான் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைகள் சரியாகவே கேட்பார்கள்: "அகராதின்னா அ, ஆ வரிசையில இருக்கணுமே சார்?" இருக்காது. கீயிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, மதிப்பு இருக்கும் இடத்துக்கு நேரே போவதுதான் இதன் வேலைமுறை. பைத்தான் 3.7 முதல் நாம் சேர்த்த வரிசை மாறாது, ஆனால் அது அகர வரிசை அல்ல. இருந்தாலும் அகராதி என்ற சொல்லே போதும் என்பேன். நாம் அகராதியைப் புரட்டுவது ஒன்றைத் தேடி எடுக்கத்தானே. கீ என்பதற்குத் திறவுகோல் என்று எழுதுகிறார்கள். அகராதிக்காரர்களின் தலைச்சொல் எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. வேல்யூவைப் பொருள் என்று எழுத வேண்டாம். ஆப்ஜெக்டுக்கும் பொருள் என்றே எழுதுவதால் குழப்பம் வரும். மதிப்பு நல்லது.

உருவாக்குவது எளிது:

பின்கோடு = {"ராயபுரம்": 600013, "காசிமேடு": 600013, "திருவொற்றியூர்": 600019}

இரண்டிரண்டாகச் சேர்த்த பட்டியல் கையில் இருந்தால், டிக்ட் என்ற செயற்கூற்றுக்குள் (ஃபங்ஷன்) போட்டால் அதுவும் அகராதியாகிவிடும். மறுபடி பட்டியலாக்கும்போதுதான் கவனம் வேண்டும். அகராதியை நேரடியாக லிஸ்ட் என்ற செயற்கூற்றுக்குக் கொடுத்தால் தலைச்சொற்கள் மட்டுமே வரும், எண்கள் வரா. இரண்டும் வேண்டுமென்றால் ஐட்டம்ஸ் வழியாகக் கேட்க வேண்டும்.

அப்புறம், தலைகீழாக்குவது. பின்கோடைச் சொன்னால் ஊர் வர வேண்டும் என்று மேலுள்ளதைத் திருப்பிப் போடுங்கள். ஒரு தலைச்சொல் ஒருமுறைதான் இருக்க முடியும் என்பதால் 600013-க்குக் காசிமேடு மட்டும் மிஞ்சும். ராயபுரம் சத்தமில்லாமல் அழிந்துபோகும். சி ஷார்ப்பில் அகராதியை உருவாக்கும் டூடிக்ஷனரி என்ற செயற்கூறு அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) இதே வேலையைச் சரியாகச் செய்தது. பெயரகராதியில் ஒரு சொல்லுக்குரிய பொருள்கள். பொருளகராதியில் ஒரு பொருளுக்குரிய சொற்கள் அத்தனையும். நிரலிலும் அப்படித்தான் செய்ய வேண்டும்: ஒவ்வொரு எண்ணுக்கும் முதலில் ஒரு வெற்றுப் பட்டியலை வைத்து, ஊர்களை அதற்குள் சேர்த்துக்கொண்டே போனால், 600013-க்கு ராயபுரம், காசிமேடு இரண்டும் கிடைக்கும்.