ஏ3எக்ஸ் ஃபைல்: படிக்க முடியாது, ஆனால் ஓடும்

வைரஸ் என்றால் அது தட்டியதும் நேரடியாக ஓடுகிற ஓர் இஎக்ஸ்இ ஃபைலாகத்தான் வரும் என்று என் கடைக்கு வருகிற பலர் நினைக்கிறார்கள். தலவாக்கலையில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஹட்டனுக்குக் கொண்டுவந்த லேப்டொப்பில் அப்படி எதுவும் இல்லை. பிரிண்ட் எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஸிப் ஃபைல் ஒன்று, அவ்வளவுதான். உள்ளே பிடிஎஃப் படம் போட்ட ஷோர்ட்கட். அதைத் தட்டினால் பக்கத்தில் மறைந்திருக்கும் இரண்டு ஃபைல்கள் வேலையைத் தொடங்கும்: ஓட்டோஇட்3 புரோகிராமும், ஏ3எக்ஸ் என்று முடிகிற ஒரு ஃபைலும்.

“அன்டிவைரஸ் ஒன்னும் சொல்லலையே அண்ணே” என்றார் தம்பி.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஓட்டோஇட் 1999இல் இருந்து இருக்கிற இலவச ஸ்கிரிப்ட் மொழி, அதாவது கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதும் மொழி. விண்டோஸில் திரும்பத் திரும்பச் செய்கிற வேலைகளைத் தானாகச் செய்யவைக்க நல்ல கருவி. எழுதிய ஸ்கிரிப்டை கொம்பைல் செய்து ஏ3எக்ஸ் ஆக்கலாம், தனி இஎக்ஸ்இ ஆகவும் ஆக்கலாம். கொம்பைல் என்று சொன்னாலும் இது இயந்திர மொழியாக மாறுவதில்லை. கட்டளைகள் சிறு குறியீடுகளாகின்றன, அப்புறம் சுருக்கி, படிக்க முடியாதபடி பூட்டி (என்கிரிப்ட்) வைக்கப்படுகின்றன. ஏ3எக்ஸ் தனியாக ஓடாது, ஓட்டோஇட்3 வேண்டும். அந்தப் புரோகிராமோ சுத்தமானது. விஷம் முழுக்கப் பக்கத்து ஃபைலில், படிக்க முடியாத வடிவில் கிடக்கிறது. 2023இல் ஸ்கைப், டீம்ஸ் செய்திகள் வழியாகப் பரவிய டார்க்கேட் என்ற வைரஸ் இந்த வழியைத்தான் பிடித்தது.

ஏ3எக்ஸை நோட்பேடில் திறந்தால் குப்பை எழுத்துதான் தெரியும். ஆனால் தொடக்கத்திலேயே ‘ஏயூ3!ஈஏ06’ என்பது ஆங்கிலத்தில் தெளிவாக நிற்கும். பழைய பதிப்பு என்றால் ஈஏ05. நோட்பேடில் திறப்பதால் அது ஓடாது. இரட்டைக் கிளிக்தான் கூடாது.

பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமலே ஓடுகிறது என்றால், அவிழ்க்கத் தேவையானதெல்லாம் நம் மெஷினிலேயே இருக்கிறது என்றுதானே பொருள்? வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போவது மாதிரி. கொம்பைல் செய்ததைத் திரும்ப ஸ்கிரிப்டாக்கும் டிகொம்பைலரில் போட்டால், எழுதியவர் தனக்காகப் போட்ட குறிப்புகள் நீங்கலாக ஸ்கிரிப்ட் கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பக் கிடைக்கும். தம்பியின் ஃபைலை நெட் இல்லாத மெஷினில் வைத்துப் பிரித்தேன். பக்கம் பக்கமாக ஒன்றுக்கும் உதவாத கணக்குகள், பார்க்கிறவர் சலித்துப்போகட்டும் என்று நிரப்பியவை. வெகு கீழேதான், விண்டோஸில் நுழையும்போதெல்லாம் தானாக ஓடவைக்கும் ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்குள் தன்னைக் கொப்பி செய்கிற வரி கிடந்தது.

ஓட்டோஇட் என்றாலே வைரஸ் என்றும் இல்லை. இதில் பில் போடுகிற புரோகிராம் எழுதி விற்கிறவர்களும் இருக்கிறார்கள், நல்லதையும் அன்டிவைரஸ் சில நேரம் பிடித்துவிடும். ஆனால் “அதை ஓஃப் பண்ணிவிட்டுப் போடுங்கள்” என்கிறவரை நான் நம்பமாட்டேன். காசு கொடுக்கும்போதே மூல ஸ்கிரிப்டையும் கேட்டு வாங்குங்கள். எழுதுகிற தம்பிமாருக்கும் ஒன்று: என்கிரிப்ட் ஆகிறதே என்று டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் வைக்காதீர்கள்.

விண்டோஸில் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியைக் காட்டச் சொல்லி வைத்தாலும் ஷோர்ட்கட்டுக்கு மட்டும் அது தெரியாது. ஐகன் மூலையில் உள்ள சின்ன அம்புக்குறியைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஃபைல் வகை என்ன என்று பாருங்கள். தட்டிவிட்டீர்களா? சரி, முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பேங்க், ஈமெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு போனில் இருந்து மாற்றுங்கள், அந்த லேப்டொப்பில் இருந்து வேண்டாம்.