சாயத்தண்ணி நிறமும் ஓர் எழுத்துப் பிழையும்

மலையகத்தில் துணி காய வைப்பது பெரும்பாடு. மழை பிடித்துவிட்டால் லயக் காம்பராவுக்குள் கட்டிய கொடியிலேயே பூஞ்சணம் பூத்துவிடும். மூத்த பிள்ளையின் சட்டைகளை டிரங்குப் பெட்டியில் எடுத்து வைக்கும்போது நாலு பூச்சி உருண்டைகளையும் போட்டு வைப்பது அதனால்தான். அடுத்த குழந்தைக்கு அந்தச் சட்டைகளைப் போடுவார்கள். சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, அந்த வாடையே வினையாகிவிடும். கண் மஞ்சளாகும், சிறுநீர் சாயத்தண்ணி, அதாவது பால் விடாத தேத்தண்ணி மாதிரி போகும்.

உருண்டையில் இருப்பது நப்தலீன். உடலுக்குள் போனால் அது சிவப்பணுக்களைச் சிதைக்கப் பார்க்கும். அணுவைக் காப்பது ஜி6பிடி என்ற நொதி; அந்தக் குழந்தைகளுக்குக் குறை இதில்தான். 515 அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி அது. மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் சங்கிலியில் ஒரு மணி மாறும். மத்தியதரைக்கடல் வகை என்ற பிறழ்வில் 188ஆம் இடத்தில் செரீன் இருக்க வேண்டும், ஃபினைல்அலனீன் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் பிழை. நொதி உருவாகாமல் போவதில்லை, சீக்கிரம் கெட்டுப்போகிறது.

சரி, கெட்டால் புதிதாகச் செய்துகொள்ளலாமே? சிவப்பணுவால் முடியாது. எலும்பு மச்சையை விட்டு வெளியேறும் முன்பே அது மரபணு இருக்கும் தன் கருவை உதறிவிடும். 120 நாள் பயணத்துக்குக் கட்டுச்சோறு மட்டுமே கையில். நல்ல நொதி பாதியாகக் குறைய 62 நாள் ஆகும். ஆப்பிரிக்காவில் அதிகம் காணப்படும் ஏ மைனஸ் வகையில் 13 நாளே. அதனால் வயதான அணுக்கள்தான் முதலில் உடையும். இளசுகளிடம் இன்னும் சோறு மிச்சம் இருப்பதால் இந்த வகையில் உடைப்பு தானாகவே அடங்குவதும் உண்டு.

இப்படியொரு குறை ஏன் அழியாமல் நின்றது? மலேரியாக் கிருமிக்கு இந்த அணுக்கள் அவ்வளவு ஒத்துவராது. நுளம்பு மொய்த்த ஊர்களில் குறையே கவசமானது. மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து வந்த நம் முன்னோர் சிலரும் இதைச் சுமந்தே வந்திருக்கலாம். 2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடானது. கவசத்துக்கு வேலை போய்விட்டது, குறை மட்டும் தங்கிவிட்டது.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய்க்கு எக்ஸ் இரண்டு; ஒன்று கெட்டாலும் பெரும்பாலும் சமாளித்துவிடுவாள். மகனுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தாயிடமிருந்து. ஆகவே, பிள்ளைக்கு மஞ்சள் கண்டால் மருத்துவமாதுவிடம் அப்பா வழிக் கதையை விட, தாய்மாமனுக்குச் சின்ன வயதில் காமாலை வந்ததா என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பெட்டியில் உருண்டை போட்டதையும் சேர்த்து.