ஏப்ரல் செலவு மார்ச்சில் போய் உட்காருவது எப்படி?

வங்கி ஸ்டேட்மென்ட்டை சிஎஸ்வி கோப்பாக இறக்கினால் கையில் கிடைப்பது வெறும் எழுத்துகள்தான். பரிவர்த்தனைக்கு ஒரு வரி. அதற்குள் தேதி, விவரம், காசோலை எண் அல்லது குறிப்பு எண், டெபிட், கிரெடிட், இருப்பு எல்லாம் காற்புள்ளியால் பிரிந்து கிடக்கும். எது தேதி, எது தொகை என்று அதை ஏற்றும் கணக்கு மென்பொருளுக்குத் தெரியாது. "மூன்றாவது பத்தி காசோலை எண், நான்காவது டெபிட்" என்று நாம் காட்டிக்கொடுப்பதுதான் மேப்பிங்.

தப்பாகக் காட்டினாலும் பல நேரம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும், அதுதான் சிக்கல். 03/04/2024 நமக்கு ஏப்ரல் 3. மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்க வழக்கில் அது மார்ச் 4. அந்த அமைப்பிலேயே ஏப்ரல் ஸ்டேட்மென்ட்டை ஏற்றிப் பாருங்கள். 1, 2, 3 தேதிகளின் வரிகள் ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4 ஆகி, மார்ச் 31-உடன் முடிந்துபோன நிதியாண்டுக்குள் நுழைந்துவிடும். ஏப்ரல் 4 மட்டும் தப்பிக்கும். 5 முதல் 12 வரை உள்ளவை மே தொடங்கி டிசம்பர் வரை மாதத்துக்கு ஒன்றாகச் சிதறும். 13 வந்தால்தான் மென்பொருள் முழிக்கும். 13ஆவது மாதம் கிடையாதே!

மொத்தக் கூட்டல் சரியாக வருகிறதா என்று பார்த்தால் இது பிடிபடாது. தேதி இடம் மாறினாலும் தொகை மாறவில்லையே. மாதக் கடைசி இருப்பை வங்கி காட்டும் இருப்போடு ஒப்பிட வேண்டும்.

அடுத்த குழப்பம் டெபிட், கிரெடிட். கணக்கில் 5,000 ரூபாய் போட்டால் வங்கி நமக்குத் தரவேண்டிய கடன் கூடுகிறது. அதனால் அவர்கள் புத்தகத்தில் அது கிரெடிட். நம் புத்தகத்திலோ வங்கி இருப்பு நம் சொத்து. சொத்து கூடினால் டெபிட். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று கிரெடிட் பத்தியை கிரெடிட்டோடு கோத்தால் எல்லாமே தலைகீழாகிவிடும். பணம் வந்ததா, போனதா என்று மட்டும் கேட்கும் மென்பொருள்கள் புத்திசாலித்தனமானவை என்பேன்.

அப்புறம், ஒரே பரிவர்த்தனை இரண்டு தடவை ஏறும் தொல்லை. நிதித் தகவல் பரிமாற்றத்துக்கென்றே 1997இல் வந்த ஓஎஃப்எக்ஸ் கோப்பு வடிவத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் உண்டு. மறுபடி வந்தால் மென்பொருள் ஒதுக்கிவிடும். சிஎஸ்வியில் அப்படி ஏற்பாடு இல்லை. தேதி, தொகை, குறிப்பு எண் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். குறிப்பு எண் பத்தியை "எதுக்கு இது" என்று விட்டுவிட்டால், ஒரே நாளில் யூபிஐயில் கொடுத்த இரண்டு 20 ரூபாய் டீக்காசில் ஒன்று இரட்டைப் பதிவாகத் தெரியும்.

இதில் எக்செல் செய்யும் கூத்து தனி. கோப்பை அதில் நேராகத் திறந்தால் 000123 என்ற காசோலை எண் வெறும் 123 ஆகிவிடும். 412345678901 போன்ற 12 இலக்க யூபிஐ குறிப்பு எண் 4.12346E+11 என்று தெரியும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் தெரிவதுதான் கோப்பில் பதியும். கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். ஏற்றுவதற்கு முன் கோப்பைப் பார்க்க நோட்பேடே போதும். எக்செல்தான் வேண்டுமென்றால், இறக்குமதி செய்யும்போதே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுங்கள்.