பூட்டிய ஹார்ட் டிஸ்க் யார் பேச்சைக் கேட்கும்?

குமுளி சோதனைச்சாவடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என் சர்வீஸ் கடை. போன மழைக்காலத்தில், வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு அக்கா, மஞ்சப்பையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை மேஜைமேல் வைத்தார்.

"அப்பா லேப்டாப்புல கிடந்தது தம்பி. காய் எடுத்த கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் இதுக்குள்ளதான். பாஸ்வேர்டும் தெரியும். ஆனா எந்த லேப்டாப்புல போட்டாலும் திறக்க மாட்டேங்குது. ஃபார்மட் பண்ணிரலாம்னு ஒரு கடையில சொன்னாங்க."

என் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். டிஸ்க்கின் மாடல் எண் வந்தது, சீரியல் எண் வந்தது. அதற்குமேல் ஒரு எழுத்துகூட வரவில்லை. 'நான் இன்னார்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது என்றால், பூட்டு விண்டோஸில் இல்லை, டிஸ்க்கிலேயே இருக்கிறது என்று அர்த்தம். ஹார்ட் டிஸ்க்குகளுக்கான ஏடிஏ தர விதிகளில் 1997 முதல் இருந்துவரும் பூட்டு இது.

இந்தப் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது? சுழலும் தட்டில், எந்த இயங்குதளத்தின் கண்ணுக்கும் படாத ஒரு தனிப்பகுதியில். சர்வீஸ் ஏரியா என்போம். மின்சாரம் வந்ததும் டிஸ்க்கில் உள்ள சின்ன பிராசசர் அந்தப் பகுதியைத்தான் முதலில் படிக்கிறது. 'பூட்டியிருக்கிறது' என்ற குறிப்பைக் கண்டால், படி என்றாலும் எழுது என்றாலும் மறுத்துவிடும். எழுதவே விடாத டிஸ்க்கை எப்படி ஃபார்மட் செய்வது? அடியில் இருக்கும் பச்சை போர்டை மாற்றினால் திறந்துவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. பாஸ்வேர்டு தட்டில் இருக்கும்போது போர்டை மாற்றி என்ன பயன்? அந்தத் தட்டுக்கென்றே அளந்து வைத்த அளவுகள் பழைய போர்டில் இருப்பதால், மாற்றப்போய் உள்ளதும் கெடலாம்.

ஐந்து முறை தவறாக அடித்தால், அதன்பிறகு சரியான பாஸ்வேர்டையும் டிஸ்க் ஏற்காது. பலர் இந்த இடத்தில்தான் பயந்துபோகிறார்கள். எதுவும் அழிந்திருக்காது. மின்சாரத்தை முழுக்க நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தால், மீண்டும் ஐந்து வாய்ப்பு.

சரி, அக்காவுக்குத் தெரிந்த பாஸ்வேர்டு ஏன் பலிக்கவில்லை? டிஸ்க்குக்கு வேண்டியது 32 பைட். நாம் தட்டும் எழுத்துகளை அந்த 32 பைட்டாக ஆக்கித் தருவது லேப்டாப்பின் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள். சில லேப்டாப்புகள் எழுத்தை அப்படியே அனுப்பும். சில, கீபோர்டில் அந்தச் சாவிக்கு உள்ள எண்ணை அனுப்பும். சில, கணக்குப் போட்டுக் குழப்பி அனுப்பும். ஆகவே, ஒரே பாஸ்வேர்டை வேறு லேப்டாப்பில் தட்டினால் டிஸ்க்குக்கு அது வேறு பாஸ்வேர்டுதான்.

"அந்தப் பழைய லேப்டாப் இருக்காக்கா?"

"ஸ்டோர் பரண்ல கிடக்கும்."

மறுநாள் ஜீப்பில் வந்து இறங்கியது. பேட்டரி உப்பியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, நேரடியாகச் சார்ஜரில் ஓட்டினேன். பாஸ்வேர்டு கேட்டதும் அக்காவே அடித்தார். அப்பாவின் முதல் ஜீப்பின் நம்பர் அது. விண்டோஸ் மெதுவாக மேலே வந்தது. முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். பிறகுதான் பயாஸில் போய்ப் பாஸ்வேர்டை நீக்கினேன். இந்த வரிசை மாறவே கூடாது.

பாஸ்வேர்டே தெரியாமல் இருந்திருந்தால்? அப்போதும் வழி அடைபட்டிருக்காது. அந்தக் காலத்து டிஸ்க்குகள் பலவற்றில் பூட்டு என்பது வாசலில் நிற்கும் காவல் மட்டுமே. உள்ளே சரக்கு மூட்டை பிரிக்காமல் அப்படியே கிடக்கும். டேட்டா மீட்புக் கூடங்கள், தயாரிப்பாளர்களின் தனிக் கட்டளைகள் வழியே சர்வீஸ் ஏரியாவுக்குள் நுழைந்து பூட்டைத் தாண்டிவிடும்.

சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் இன்றைய எஸ்எஸ்டிகளிலும், பாஸ்வேர்டு வைக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளிலும் கதையே வேறு. பலவற்றில் உள்ளே போகும் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சிப் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் உருமாற்றித்தான் எழுதுகிறது. அதற்கான சாவி டிஸ்க்குக்குள்ளேயே பிறக்கிறது. நம் பாஸ்வேர்டு பூட்டுவது அந்தச் சாவியை. 128 பிட் சாவி என்றால் 2-இன் 128-ஆம் அடுக்கு, அதாவது 39 இலக்க எண் அளவுக்குச் சாத்தியங்கள். நொடிக்கு லட்சம் கோடி சாவிகளைச் சோதித்தாலும் முடிக்க, பிரபஞ்சத்தின் வயதைப்போல் பல கோடி மடங்கு காலம் வேண்டும். சாவியை அழித்துவிட்டால் ஒரு நொடியில் முழு டிஸ்க்கும் குப்பை. சில டிஸ்க்குகளின் லேபிளில் பிஎஸ்ஐடி என்று 32 எழுத்து அச்சிட்டிருக்கும். அது டிஸ்க்கைத்தான் மீட்கும், உள்ளிருப்பதை அழித்துவிடும்.

இதிலும் ஓட்டை இருந்திருக்கிறது. 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாம்சங், குரூஷியல் நிறுவனங்களின் சில எஸ்எஸ்டிகளில் பாஸ்வேர்டுக்கும் சாவிக்கும் கணக்குவழித் தொடர்பே இல்லாததைக் கண்டுபிடித்தார்கள். காவல்காரர் கையிலேயே சாவி இருந்த கதை. அவரை ஏமாற்றினால் போதும்.

இப்போது என் கடைக்கு அதிகம் வருவது, விண்டோஸே டிஸ்க்குக்குப் போடும் பூட்டான பிட்லாக்கர். மதர்போர்டு மாற்றினாலோ, சில சமயம் பயாஸ் அப்டேட் ஆனாலோ, நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். விண்டோஸ் தானாகவே பூட்டியது என்பதே பலருக்குத் தெரியாது. முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடச் சொல்வேன். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கம்பத்திலிருந்து ஒரு மாணவர் அந்தச் சாவியைத் தாளில் எழுதி எடுத்து வந்தார். மழையில் நனைந்து ஒரு இலக்கம் கரைந்துபோயிருந்தது. "போச்சாண்ணே?" என்றார். போகவில்லை. 48 இலக்கமும் ஆறு ஆறாக எட்டுக் கட்டுகள். ஒவ்வொரு கட்டும் 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். எழுதும்போது பிழை வந்தால் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. 41, அடுத்தது தெரியவில்லை, பிறகு 532 என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்த வித்தைதான்: ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்க வேண்டும். 4-இல் 1 போனால் 3. அதோடு தெரியாத இலக்கத்தைக் கூட்டி, 5 கழித்து, 3 கூட்டி, 2 கழித்தால் பூச்சியமோ 11-இன் மடங்கோ வர வேண்டும். 1 போட்டால் மட்டுமே வருகிறது. 411532, அதாவது 37412 பெருக்கல் 11.

அவர் தாளின் ஓரத்தில் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தோம். விடுபட்டது 7. எட்டாவது கட்டையும் அடித்து எண்டர் தட்டினார். நீலத் திரை மறைந்தது.