மோட்டாரைக் கழற்றும் முன் உள்விளக்கைப் பாருங்கள்

பழைய காரில் பவர் விண்டோ நின்றுபோனால், புது மோட்டாரைக் கையோடு வாங்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் பலர். பெட்டியைப் பிரிக்க வேண்டாம், முதலில் வண்டிக்குள் உட்காருங்கள் என்பேன். சாவியைத் திருப்பி, உள்விளக்கைப் போட்டுவிட்டு, விண்டோ சுவிட்சை அழுத்த வேண்டும். விளக்கு மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. அதைச் சுற்றவிடாமல் ஏதோ பிடித்திருக்கிறது. மங்கவே இல்லையென்றால், கரண்ட் போகிற வழியில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். டோர் பேடில் (கதவின் உள்பக்க மூடியில்) கை வைக்காமலே இவ்வளவு தெரிந்துவிடும்.

எல்லாக் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நின்றால் ஃபியூஸ், கரண்ட் அதிகமானால் துண்டித்துவிடும் சர்க்யூட் பிரேக்கர், வண்டியின் பாடியோடு சேரும் மெயின் எர்த் வயர் மூன்றையும் பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் பிரேக்கர் ஆறியதும் தானாகவே மறுபடி இணைந்துகொள்ளும். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி ஏறினால் ‘அப்பாடா, சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். எங்கோ இழுவை அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான். அதற்காகப் பெரிய ஃபியூஸ் போடுவது மகா தப்பு. உருகவேண்டியது உருகாவிட்டால் வயர் உருகும்.

ஒரு கண்ணாடி மட்டும் மக்கர் பண்ணினால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இப்போதைய கார்களில் பெரும்பாலும் சுவிட்ச் கட்டளை மட்டும்தான் கொடுக்கும். பழைய கார்களில் மோட்டார் இழுக்கும் மொத்தக் கரண்டும் அந்தச் சின்னச் சுவிட்சுக்குள்ளேயே ஓடுவது வழக்கம். சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு வயரும் எர்த்தில் இருக்கும். ஏற்ற அழுத்தினால் ஒரு வயருக்கு 12 வோல்ட் வரும், இறக்க அழுத்தினால் மற்றதுக்கு. அதனால் கண்ணாடி இறங்குகிறது, ஏற மட்டும் மாட்டேன் என்கிறது என்றால், கையால் லேசாகத் தூக்கிக்கொடுத்துப் பாருங்கள். அப்போதும் மோட்டார் முனகக்கூட இல்லையென்றால் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். இன்னொன்று: பக்கத்துக் கதவின் மோட்டாருக்கு எர்த் பெரும்பாலும் டிரைவர் பக்கத்து மாஸ்டர் சுவிட்ச் வழியாகத்தான் கிடைக்கும். அங்கே ஒரு காண்டாக்ட் கறுத்துப்போனால் இங்கே கண்ணாடி நின்றுவிடும். பாவம், இந்தக் கதவை எத்தனை முறை பிரித்தாலும் ஒன்றும் கிடைக்காது.

அப்படித்தான் ஒரு வண்டி வந்தது. வேறு இடத்தில் இரண்டு முறை மோட்டார் மாற்றியாகிவிட்டது. “கனெக்டரில் 12 வோல்ட் வருதே சார், நானே மீட்டர் வச்சுப் பார்த்தேன்” என்றார் உரிமையாளர். வந்தது உண்மைதான், கனெக்டரைக் கழற்றி வைத்திருக்கும்வரை. அதை மாட்டி, பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி, சுவிட்சை அழுத்தியதும் 7 வோல்ட்டுக்கு விழுந்தது. மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. ஒரே ஓர் இழை செம்பு மிச்சமிருந்தாலும் அது 12 என்றுதான் காட்டும். மோட்டாருக்கு அது போதுமா? சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கதவை மெல்லத் திறந்து மூடினேன். ஓரிடத்தில் கண்ணாடி துள்ளியது. கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயை நகர்த்தி, உள்ளே போகும் வயர்களை ஒவ்வொன்றாக லேசாக இழுத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் ரப்பர் பேண்டு மாதிரி நீண்டது. மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சைத் தூளும் இரண்டு இழைகளும்.

ஆகவே, அளப்பதை லோடில், அதாவது மோட்டார் கரண்ட் இழுக்கும்போதே, அளந்து பாருங்கள். சுவிட்சை அழுத்தியபடி, கரண்ட் உள்ளே வரும் முனையிலும் வெளியே போகும் முனையிலும் மீட்டரை வைத்தால், இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் இழக்கும் சுவிட்சை நான் நம்பமாட்டேன். பிரித்துச் சுத்தம் செய்தால் பல சுவிட்சுகள் பிழைத்துக்கொள்ளும்.

கண்ணாடி மெதுவாக ஏறினால், அது ஓடும் தடத்தைத் துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், தூசியை ஒட்டவைத்துவிடும்.

மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி நகரவில்லை என்றால் பல்சக்கரத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் நொறுங்கியிருக்கலாம். அவற்றை மட்டும் மாற்றினாலே போதும் என்ற மாடல்கள் உண்டு. ஆனால் இங்கேதான் நிறுத்தி நிதானிக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பழைய ரெகுலேட்டர்கள் பலவற்றில், கண்ணாடியின் எடையைத் தாங்கிக்கொடுக்கச் சுருள் ஸ்பிரிங் ஒன்று முறுக்கேறி நிற்கும். அதைப் பிடித்துவைத்திருப்பதே மோட்டாரின் பல்தான். போல்ட்டைக் கழற்றி மோட்டாரை இழுத்தால், பல் வைத்த அந்தத் தகடு ஒரே வீச்சில் சுழலும். என் ஆள்காட்டி விரலில் இருக்கும் தையல் தழும்பு அப்படி வந்ததுதான். விரல் போகவில்லை, அது என் அதிர்ஷ்டம். இப்போதெல்லாம் பேட்டரி வயரைக் கழற்றி, கண்ணாடிக்கு முட்டுக் கொடுத்து, பல் தகட்டையும் பின்தகட்டையும் சேர்த்துத் துளையிட்டு ஒரு போல்ட்டால் இறுக்கிவிட்டுத்தான் மோட்டாரைத் தொடுகிறேன்.

அப்புறம், டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்தெறிந்துவிடாதீர்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் பேடை நனைக்காமல் தடுப்பது அதுதான். கிழிந்திருந்தால் புது ஷீட் வெட்டி ஒட்டிவிட்டு மூடுங்கள்.